ஆட்டை அறுத்தவர் எந்தக் கட்சி?

அந்தக் கொடியத்தானே பாக்குறீங்க தம்பி? பாருங்க, பாருங்க. இந்த ரோடு முடியிற வரைக்கும் இதுதான். ஒரு கம்பத்துல குடை, அடுத்த கம்பத்துல விளக்கு, மறுபடியும் குடை. எலெக்‌ஷன் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, அவுக்க ஒரு ஆள் இல்ல. கட்டும்போது மட்டும் ஏணியத் தூக்கிக்கிட்டு ராவும் பகலுமா ஓடினானுங்க. இப்ப மழையில நைஞ்சு, குடை எது விளக்கு எதுன்னே தெரியாமத் தொங்குது.

எலெக்‌ஷனான்னு கேட்டீங்களே, ஊருக்குப் புதுசுன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. கும்பகோணமா? அப்படியா. எங்க அத்தா, அப்பாவத்தான் சொல்றேன், ராமநாதபுரம் பக்கம். நான் இங்க மலேசியாவுல, கெடா மாநிலத்துலதான் பொறந்தேன். பேரு ஜைத்தூன். கம்போங்ல எல்லாரும் "மாக் தூன்"னு கூப்பிடுவாங்க. கம்போங்னா கிராமம்தான், பயந்துறாதீங்க. பள்ளிக்கூடத்து கேன்டீன் என்னோடதுதான். முப்பது வருஷமா மீ கோரெங், அதான் வறுத்த நூடுல்ஸ், கிண்டிக்கிட்டு இருக்கேன், முட்டி தேஞ்சு போச்சு. அதுக்குத்தான் இப்ப இந்த பஸ்ஸப் பிடிச்சு கோலாலம்பூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், டாக்டரப் பாக்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். எனக்குக் கட்சி கிடையாது. குடையும் இல்ல, விளக்கும் இல்ல. ரெண்டு பேரும் ஓட்டுக் கேட்டு வருவானுங்க, ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி குடுப்பேன், "ஆகட்டும் ஆகட்டும்"பேன், அனுப்பிடுவேன். அன்னைக்கு யாருக்குக் குத்தினேன்னு என் வலது கைக்குக்கூடத் தெரியாது.

ரெண்டும் மலாய்க்காரங்க கட்சி. ரெண்டுலயும் முஸ்லிம்தான். அப்புறம் என்ன சண்டைன்னு கேப்பீங்க. அதுதான் தம்பி சண்டையே! நான் உன்னவிடப் பெரிய முஸ்லிம், நீ என்னவிட அரைக்கால் குறைச்சல். இதுதான் பேச்சு. சீனனோட சண்டை இல்ல, இந்துக்காரங்களோட சண்டை இல்ல. பக்கத்து வீட்டு லெட்சுமி தீபாவளிக்கு முறுக்கு சுட்டா ரெண்டு கட்சிக்காரனும் வாசல்ல நின்னு வாங்கித் தின்பான். ஆனா குடைக்காரன் வீட்டுக் கோழிய விளக்குக்காரன் தொட மாட்டான். ஏன்னு கேளுங்க. குடைக்காரன் பிஸ்மி சொல்லி அறுத்தாலும் அது ஹலால் ஆகாதாம். அவன் ஈமானே சந்தேகமாம். இவன் பெரிய தராசு வச்சு நிறுத்துப் பாத்துட்டான்!

எங்க சூராவ்ல, சூராவ்னா சின்னப் பள்ளிவாசல், மக்ரிபுக்கு, சாயங்காலத் தொழுகைக்கு, ரெண்டு ஜமாஅத், தனித்தனிக் கூட்டம். முதல்ல குடைக்கார இமாம் தொழ வைப்பாரு. விளக்குக்காரங்க அதுவரைக்கும் வெளிய, செருப்பு விடுற இடத்துல நின்னு சிகரெட் குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்க வெளிய வந்ததும் இவங்க உள்ள போவாங்க, தொழிற்சாலை ஷிப்ட் மாதிரி. அதே பாய், அதே கிப்லா, ஓதுறதும் அதே அல்ஹம்து. முடிவெட்டுற கடைகூட ரெண்டு இருக்கு தம்பி. கட்சி மாறின ஒருத்தன் பாதித் தாடியோட எந்திரிச்சு எதிர்க்கடைக்குப் போனத நான் என் கண்ணால பாத்தேன்.

கொடி விக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? மளிகைக்கடை ஆ செங். இடது பக்கம் குடை, வலது பக்கம் விளக்கு, நடுவுல கருவாடு. ஒருநாள் என்கிட்ட மெதுவாக் கேட்டாரு, "மாக் தூன், உங்களுக்கு ஒரே சாமிதானே, அப்புறம் எதுக்கு ரெண்டு கும்பல்?" எனக்கு வெக்கமாப் போச்சு. வெங்காயம் அரைக்கிலோ போடுங்கன்னேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிக்கிற விஷயந்தான். எனக்கு வந்ததக் கேட்டா சிரிப்பு நின்னுரும்.

என் வீட்டுக்காரர் பேரு நத்தர் மைதீன். ஸ்கூல் பஸ் ஓட்டினாரு. அஞ்சு வருஷம் முந்தி, காலையில புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறப்ப நெஞ்சுல வலி. பஸ்ஸ ஓரங்கட்டி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டுத்தான் சாஞ்சிருக்காரு. உள்ள பதினெட்டுப் புள்ளைங்க. ஒண்ணுக்கும் ஒரு கீறல் இல்ல. அந்த மாதிரி மனுசன் அவரு.

நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஒரு ஆடு வாங்கினேன். அவருக்கு ஆட்டுக்கறின்னா உசுரு. நான் புருசன் போன இத்தாவுல இருக்கிறவ, நாலு மாசம் பத்து நாள் வெளிய வரக்கூடாது, திரைக்குப் பின்னாலயே உக்காந்து மசாலாப் பக்குவம் சொல்லிச் சொல்லி ஆக்க வச்சேன். சூராவ் பிலால் மானாப் வந்து அறுத்துக் குடுத்தாரு. அவருதான் ஊருக்கே அறுக்கிறவரு, பாங்கு சொல்றவரு. அந்த மாசந்தான் மானாப் குடைக்கட்சியில சேந்திருந்தாராம். எனக்கென்ன தெரியும்? புருசன் போன துக்கத்துல நான் கட்சிப் பட்டியலா பாத்துக்கிட்டு இருந்தேன்?

வந்தவங்கள்ல சிக்கந்தர் பெரிய மச்சானும் ஒருத்தரு. என் வீட்டுக்காரரோட அண்ணன். கூடப் பொறந்தது அவரு ஒருத்தருதான். எங்க கம்போங்ல விளக்குக் கட்சிக்குக் கிளைத் தலைவர். வந்து உக்காந்தாரு, யாசீன் ஓதினாரு, அழுதாரு. பொய் சொல்லக்கூடாது, நெசமாத்தான் அழுதாரு. சோறு வச்சாங்க. கையக் கழுவிட்டு, சோத்துல கை வைக்கப் போனவரு அப்படியே நிறுத்திட்டுக் கேட்டாரு, "ஆட்ட அறுத்தது யாரு?"

யாரோ ஒரு புத்தி கெட்டது "பிலால் மானாப்"னு சொல்லிருச்சு.

தட்ட இப்படித் தள்ளினாரு தம்பி. விரல் முழுசாக்கூடப் படல, நகத்தால தள்ளினாரு. "எனக்குத் தண்ணி மட்டும் போதும்"னாரு. தண்ணி குடிச்சாரு, துவாவுக்குக் கையேந்தினாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்தத் தண்ணிக்குக் கட்சி இல்ல போலிருக்கு. நான் திரை இடுக்குல பாத்துக்கிட்டே இருந்தேன். கூடப் பொறந்த தம்பி பேரால ஆக்கின சோறு! அவரோட சேந்து விளக்குக்காரங்க ஏழெட்டுப் பேரு எந்திரிச்சுட்டாங்க. ஒரு அண்டா சோறு மிஞ்சிப் போச்சு. என் வயிறு எரிஞ்ச எரிச்சல அல்லா ஒருத்தன்தான் அறிவான்.

அன்னைக்கோட அந்த மனுசன் முகத்துல முழிக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். பின்ன? எனக்கு ரோசம் இல்லையா?

அந்த வருஷமே ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவரு வீட்டுல மாடு குர்பான் குடுத்தாங்க. ஒரு பங்கு எங்களுக்குன்னு பையில போட்டு, அவரு பொஞ்சாதி கையில குடுத்துவிட்டிருந்தாரு. நான் கதவத் திறந்தேன், பையப் பாத்தேன், "மாட்ட அறுத்தது யாரு?"ன்னு கேட்டேன். "எங்க விளக்கு இமாம்"னு சொல்லிச்சு அந்தம்மா. "எங்க வீட்டுல அது செல்லாது, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன். மறு வருஷமும் வந்துச்சு. அவரு பேரப்புள்ளைங்க பாக்கப் பாக்க வாசல்ல வச்சுப் பூனைக்குப் போட்டேன். மூணாவது வருஷம் வாங்கவே இல்ல.

என் மக சுமையா கேட்டா, "அம்மா, நீங்களும் அதத்தானே செய்றீங்க?"ன்னு. படிச்ச புள்ள, கேக்குற கேள்வியப் பாருங்க. அவரு செஞ்சது கட்சிக்காக. எனக்கு என்ன கட்சி? எனக்கு மானம். அது வேற, இது வேற. சின்னப் புள்ளைக்குக்கூட விளங்கும். இல்லையா தம்பி? நீங்களே சொல்லுங்க.

சரி, சுமையாவுக்கு வர்றேன். ஒரே மக. கவர்மெண்ட் கிளினிக்குல மருந்து குடுக்குற வேலை. அங்கேயே ரத்தம் சோதிக்கிற ஒரு பையன், அஸ்ருல்னு பேரு, மலாய்க்காரன். ரெண்டும் விரும்பிருச்சுங்க. நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். தோசைக்குச் சீனி தொட்டுக்குவான், அது ஒண்ணுதான் எனக்குச் சகிக்காது. அவங்க அத்தா யாருன்னு கேளுங்க. ஹாஜி ரொஸ்லான். குடைக் கட்சிக் கிளைத் தலைவர்!

எங்க மார்க்கத்துல பொண்ணுக்கு நிக்காஹ் நடக்கணும்னா வலீ வேணும். பொண்ணுக்குப் பொறுப்பா நின்னு, கைபிடிச்சுக் குடுக்குற ஆம்பளை. அத்தா இருந்தா அத்தா. இல்லன்னா அத்தாவப் பெத்தவரு. அவரும் இல்லன்னா கூடப் பொறந்தவன். எங்க வீட்டுல இதுல ஒருத்தரும் இல்ல. எனக்கு ஆம்பளப் புள்ளைய அல்லா குடுக்கல. அடுத்தது அத்தாவோட கூடப் பொறந்தவரு. யாரு? தட்டத் தள்ளினாரே, அவருதான்! உலகத்துல இத்தனை கோடி ஆம்பளைங்க இருக்கையில, என் மகளுக்குக் கை குடுக்க அந்த ஒருத்தருதான் மிச்சம்.

நான் போய்க் கேக்கல. சுமையாதான் போனா. "பெரியத்தா, நீங்கதான் வலீயா நிக்கணும்"னா. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "நிக்கிறேன் மகளே, ஆனா குடைக்காரன் உக்கார வச்ச காதி ஓதினா அந்த நிக்காஹ் எனக்குச் செல்லாது. எங்க இமாம் ஓதணும்." காதின்னா நிக்காஹ் ஓதி வைக்கிற சர்க்கார் ஆளு. சரின்னு இங்கிட்டு வந்து ஹாஜி ரொஸ்லான்கிட்ட சொன்னா, அவரு குதிச்சாரு. "சர்க்கார் காதி ஓதாம, சர்க்கார் பதிவுல ஏறாம, என் வீட்டுக்கு மருமக வர முடியாது!" புள்ள ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டுமா அலைஞ்சு கறுத்துப் போயிட்டா. கல்யாணம் பண்ணிக்கப் போறது ரெண்டு பேரு. நடுவுல ஓட்டுப்பெட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு கிழவனுங்க.

எலெக்‌ஷன் வேற வந்துருச்சா, தினமும் சாயங்காலமானா செராமா. உங்க ஊர்ல பொதுக்கூட்டம்பீங்களே, அது. எங்க வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேடை, அந்தப் பக்கம் ஒரு மேடை. இந்தக் காதுல விளக்குக்காரன், "குடைக்குக் குத்தின விரல மறுமையில எப்படிக் காட்டுவீங்க?"ன்னு கேக்குறான். அந்தக் காதுல குடைக்காரன், "இவனுங்க சொர்க்கத்துக்கு டிக்கெட் விக்கிறானுங்க"ன்னு கேலி பண்ணிட்டு, அடுத்த மூச்சுல, ஜெயிச்சா இருபது பேர ஓசியில மக்காவுக்கு உம்ரா அனுப்புறேங்குறான். எவன் பேச்சுலயாவது எங்க ரோட்டுக் குழி வந்துச்சா? வரல. எங்க கம்போங் குழாயில வாரத்துல மூணு நாள் செம்மண் தண்ணி. அதப் பத்தி ஒரு வார்த்தை? மூச்! அல்லாவோட பேர மட்டும் ரெண்டு மைக்குல போட்டு ஏலம் விட்டானுங்க.

ஓட்டு எண்ணினாங்க. ரெண்டு பேருக்கும் பாதி கிடைக்கல. அஞ்சு நாள் ஊரே வாயப் பொளந்துக்கிட்டு டிவியப் பாத்துச்சு. ஆறாம் நாள் என்ன ஆச்சு தெரியுமா? குடைத் தலைவரும் விளக்குத் தலைவரும் சேந்து ஆட்சி அமைக்கிறாங்களாம்! இஸ்லாமிய ஒற்றுமையாம்! கட்டிப்பிடிச்சானுங்க. கன்னத்துல கன்னம் வச்சானுங்க. அப்புறம் விருந்து. ஒரே சஹன்ல, பெரிய தட்டு தம்பி, நாலு பேரு சுத்தி உக்காந்து கை போட்டுச் சாப்பிடுற தட்டு, அதுல ரெண்டு தலைவரும் ஆட்டுத் தொடைய ஆளுக்கொரு பக்கம் பிச்சுத் தின்னானுங்க. கேமராவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே தின்னானுங்க.

நான் டிவி முன்னால நின்னு கத்தினேன். "டேய், அந்த ஆட்ட அறுத்தது யாருடா? கேளுங்கடா!" ஒருத்தன் கேக்கல. சுமையா வந்து டிவிய அணைச்சுட்டுப் போயிட்டா.

மறுநாள்ல இருந்து சூராவ்ல ஒரே ஜமாஅத். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல, குனிஞ்சுக்கிட்டே போய்க் குனிஞ்சுக்கிட்டே வந்தானுங்க. ஒரு வாரம் அந்த வெக்கம். அப்புறம் அதுவும் போச்சு. சிக்கந்தர் மச்சானும் ஹாஜி ரொஸ்லானும் கோப்பிக்கடையில ஒரே மேசையில உக்காந்து ரொட்டி சானாயப் பிச்சுக்கிட்டு இருந்தத நானே பாத்தேன். அஞ்சு வருஷம் ஒருத்தன ஒருத்தன் காஃபிர்னு ஏசினவனுங்க! மேலிடத்துல இருந்து உத்தரவு வந்ததும் ஈமான் சரியாப் போச்சு போல.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு எங்க வீட்டு வாசல்ல கார் வந்து நின்னுச்சு. ஹாஜி ரொஸ்லான் இறங்கி வந்தாரு, வாயெல்லாம் பல்லு. "மாக் தூன், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. காதியே ஓதட்டும்னு சிக்கந்தர் அண்ணன் ஒத்துக்கிட்டாரு. நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுட்டா முறையாப் போயிரும்." நான் எட்டிப் பாத்தா, காருக்குள்ள பெரிய மச்சான், கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு நேராப் பாத்தபடி உக்காந்திருக்காரு.

"என்ன வார்த்தை?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல, நீங்க கார் வரைக்கும் வந்து, 'புள்ளைக்கு வலீயா நின்னு நடத்திக் குடுங்க மச்சான்'னு சொன்னாப் போதும்."

எங்க வீட்டுப் படி ஏழு. அதத் தாண்டி பத்தடி முற்றம். அவ்வளவுதான் தூரம். ஆனா நான் ஏன் இறங்கணும்? நீங்களே சொல்லுங்க, நான் ஏன் இறங்கணும்? "அவர உள்ள வரச் சொல்லுங்க"ன்னேன். "உள்ள வந்து உக்காரட்டும். நான் ஆட்டுக்கறி ஆக்கி வைக்கிறேன். பிலால் மானாப்தான் அறுப்பாரு. அதுல ஒரு வாய் திங்கட்டும். அப்புறம் நானே கேக்குறேன், கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்."

ஹாஜி காருக்குப் போனாரு, திரும்பி வந்தாரு. "மூணு வருஷக் குர்பானியத் திருப்பினவங்க, பூனைக்குப் போட்டவங்க, அவங்க முதல்ல வரட்டும்னு சொல்றாரு." நான் சொன்னத எடுத்துக்கிட்டு மறுபடி போனாரு, மறுபடி வந்தாரு. கிழவனுக்கு வேர்த்து ஊத்துது. சுமையா நடுப்படியில உக்காந்திருந்தா. கீழயும் பாக்கல, மேலயும் பாக்கல. கடைசியில எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சா. "ஏழு படிம்மா. எனக்காக. நான் வேணும்னா உங்களத் தூக்கிட்டுப் போறேம்மா"ன்னா. எனக்கும் இறங்கிரலாமான்னு இருந்துச்சுதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு இறங்கினா, அன்னைக்குத் தட்டத் தள்ளினது சரின்னு ஆகிடாதா? கைய உருவிக்கிட்டேன். கார் போயிருச்சு.

தேதி வச்சாங்க, தாண்டிப் போச்சு. நோன்பு வந்துச்சு. பெருநாள் முடிஞ்சு மறுபடி தேதி வச்சாங்க, அதுவும் போச்சு. நான் அசையல. எல்லாரும் அவங்கவங்க கொள்கைய விட்டுட்டாங்க, நான் ஒருத்திதான் நின்னேன்.

அப்ப வந்துச்சு ஒரு கடுதாசி. ஷரியா கோர்ட்டுல இருந்து. என் மக மனு போட்டிருக்கா! வலீ நிக்க ஆள் வராம நிக்காஹ் தடைபட்டா, நீதிபதியே வலீயா ஒருத்தர ஏற்பாடு பண்ணலாமாம். எனக்குத் தெரியாம, அந்தப் பையனுக்கும் தெரியாம, தனியாப் போய்ப் போட்டிருக்கா. பெரிய மச்சானுக்கும் ஒரு கடுதாசி, எனக்கும் ஒரு கடுதாசி.

நீதிபதி ஒரு பொம்பளப் புள்ள. என் மகளவிட நாலு வயசு மூத்தவளா இருப்பா, அதுக்கு மேல இருக்காது. முதல்ல சுமையாவப் பாத்து, "என்னம்மா தடை, உள்ளதச் சொல்லு"ன்னு கேட்டா. சுமையா எந்திரிச்சா. "எங்க கம்போங்ல மூணு கட்சி இருந்துச்சு. ரெண்டு கட்சி சேந்துருச்சு. மூணாவது கட்சி எங்கம்மா. அவங்க யாரோடயும் சேர மாட்டாங்க"ன்னா.

அங்க டைப் அடிச்சுக்கிட்டு இருந்தவன் சிரிச்சுட்டான். என்னப் போய்! கட்சியே இல்லாத என்னப் போய்! முப்பது வருஷம் அடுப்புல வெந்து வளத்த மக, அத்தனை பேரு முன்னால!

நீதிபதி பெரிய மச்சானக் கேட்டா. "நான் மறுக்கவே இல்லை, தாய் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்னுதான் சொன்னேன்"னாரு. அப்ப அந்தப் புள்ள என் பக்கம் திரும்பிச்சு. "மாக்சிக், அவரு இங்கதானே இருக்காரு. இப்பவே கேட்டுருங்களேன்." மாக்சிக்னு, அத்தைன்னு, மரியாதையாத்தான் கேட்டுச்சு. நான் எந்திரிச்சேன். வாயத் திறந்தேன் தம்பி, சத்தியமாத் திறந்தேன். அந்த அண்டாச் சோறு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. நாப்பது நாளைக்கு முந்தி போனவரு வீட்டு வாசல்ல, ஈ மொய்ச்சுக்கிட்டுக் கிடந்துச்சே அந்தச் சோறு. வாய மூடிட்டு உக்காந்துட்டேன். மூணு தடவை கேட்டுச்சு அந்தப் புள்ள. மூணு தடவையும் நான் சுவத்துல இருந்த கடிகாரத்தப் பாத்தேன்.

அப்ப பெரிய மச்சான் எந்திரிச்சாரு. தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "கேக்க வேணாம்மா"ன்னாரு. "என் தம்பி மக. நான் நிக்கிறேன். யாரும் கேக்க வேணாம்." அப்புறம் என்னப் பாத்து, "அன்னைக்கு நான் அந்தச் சோத்தத் தின்னிருக்கணும் ஜைத்தூன். பெரிய தப்புப் பண்ணிட்டேன்"னாரு. கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. கோர்ட்டுல, நீதிபதி முன்னால, எழுதிக்கிட்டு இருந்தவன் அதையும் எழுதினான்.

பாத்தீங்களா? ஜெயிச்சது யாரு? நான்தானே! நாலு வருஷம் நின்னு, அந்த மனுசன் வாயாலயே சொல்ல வச்சேன். ஆனா எப்பச் சொல்றாரு பாருங்க, ரெண்டு கட்சியும் சேந்ததுக்கப்புறம். கட்சி சேரலன்னா சொல்லிருப்பாரா? அதக் கேட்டேன். அங்கேயே, அப்பவே, எல்லாரு முன்னாலயும் கேட்டேன். சுமையா தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

கல்யாணம் நடந்துச்சு. ஹாஜி வீட்டுலதான். எங்க வீட்டுல இருந்து நாலாவது சந்து. சுமையா முந்தின நாள் மருதாணிக் கையோட வந்து என் முன்னால நின்னா. "வாங்கம்மா"ன்னா. "அவரு இருக்காரா?"ன்னேன். "அவருதானேம்மா கை குடுக்கப் போறாரு"ன்னா. "அப்ப நான் வரல"ன்னேன். அவ அழல. குனிஞ்சு என் கையில முத்தம் குடுத்துட்டுப் போயிட்டா. மறுநாள் அங்க கொட்டுற கொம்பாங் மேளச் சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. ஜன்னலச் சாத்தினேன். அப்புறம் புழுக்கமா இருக்குன்னு திறந்து வச்சேன். விருந்துக்குப் பத்து ஆடாம். பிலால் மானாபும் விளக்கு இமாமும் ஆளுக்கு அஞ்சு அறுத்தாங்களாம். ஊரே தின்னுச்சு, யாரும் ஒண்ணும் கேக்கலையாம். மானங்கெட்ட சனம்.

அடுத்த மாசமே ரெண்டு பேரும் ஈப்போவுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப அவ முழுகாம இருக்கா, ஏழு மாசம். எனக்கு யாரு சொன்னதுன்னு நினைக்கிறீங்க? ஆ செங்! என் மக புள்ளத்தாச்சியா இருக்கிறத ஒரு மளிகைக்கடைக்காரர்கிட்ட, உளுந்து வாங்கப் போன இடத்துல தெரிஞ்சுக்கிறேன். வளைகாப்பு அது இதுன்னு எங்கள்ல இல்லன்னாலும், ஏழாம் மாசத்துல தாய்க்காரி ஏதாவது ஆக்கிக் குடுப்பா. அவளுக்கு என் மாங்கா ஊறுகாய்னா உசுரு.

போன் பண்ணினா எடுக்கிறதில்ல. முதல்ல எடுத்துக்கிட்டுத்தான் இருந்தா. ஒருநாள், "அம்மா, பெரியத்தாவப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நான் போனையே எடுக்க மாட்டேன்"னா. நான் என்ன ஒரு வார்த்தையா பேசினேன்? அந்த நாப்பதாம் நாள்ல ஆரம்பிச்சு முழுசாச் சொன்னேன். உள்ளதத்தானே சொன்னேன்? வச்சுட்டா. அதுல இருந்து என் நம்பரப் பாத்தாலே எடுக்கிறதில்ல.

இந்த பஸ் ஈப்போவுல கால் மணி நேரம் நிக்கும். ஸ்டேஷன்ல இருந்து அவ வீடு பக்கந்தானாம், பொடி நடையாப் போயிரலாமாம். நான் இறங்க மாட்டேன். அவ கூப்பிடாம நான் ஏன் இறங்கணும்?

தம்பி, உங்க போன்ல லைன் கிடைக்குதா? ஒரு உதவி பண்ணுங்களேன். நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்றேன், நீங்க அடிங்க. புது நம்பர்னா எடுப்பா, கிளினிக்குல இருந்துன்னு நினைச்சுக்கிட்டு எடுப்பா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். அடிக்க ஆரம்பிச்சதும் என் கையில குடுத்துருங்க. எடுத்ததும் அவ முதல்ல ஸலாம் சொல்லுவா, எப்பவும் அப்படித்தான், சின்னப் புள்ளையில இருந்தே. அத மட்டும் கேட்டுட்டு வச்சுரலாம். பதில் ஸலாம் சொல்றது கடமைதான், எனக்குத் தெரியாதா? மனசுக்குள்ள சொல்லிக்குவேன். வாயத் திறந்து நான் முதல்ல பேச மாட்டேன் தம்பி. அவதான் பேசணும்.